அது வேற லெட்

பொங்கல் விளையாட்டு விழாவின் கடைசி நாள் மாலை, நிலக்கரிச் சுரங்க நகரியத்தின் கிளப் உள்ளரங்கில் தம்பதியருக்கான ஷட்டில் இறுதி ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போயிருந்தது. ஒரு பக்கம் மதிவாணனும் எழில்மதியும். எதிர்ப்பக்கம் ஜமால் முகமதுவும் அவன் மனைவி நசீமாவும்.

மதிவாணன் சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினியர். சேத்தியாத்தோப்பு பக்கத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக் படித்து, வேலையில் இருந்துகொண்டே பி.இ. முடித்து மேலே வந்தவன். எழில்மதி ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஜமாலுக்கு மெயின் பஜாரில் மிக்ஸி, மின்விசிறி விற்கும் கடை இருந்தது. நால்வரும் நாற்பதைத் தாண்டியவர்கள். வருடத்தில் இந்த ஒரு வாரம் மட்டும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை மதிவாணன் வீட்டுக்கு. எழில்மதி சர்வீஸ் போட்டாள். ஷட்டில் நாலைந்து தடவை வலையைத் தாண்டிப் போய் வந்தது. மதிவாணன் எகிறி ஓங்கி அடித்தான். நசீமாவுக்கு வலது பக்கம், கோட்டுக்கு உள்ளே அது விழுந்தது. நசீமா மட்டையைத் தூக்கவே இல்லை. அவள் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் ஷட்டில் ஒன்று உருண்டு வந்து அவள் ஷூவை ஒட்டிக் கிடந்தது.

"லெட்!" என்றான் நடுவர் நாற்காலியில் இருந்த அஸ்வின். அவன் உடற்பயிற்சி ஆசிரியர்.

"என்ன லெட்டு? உள்ள விழுந்துருச்சி. பாயின்ட் எங்களுது" என்று மதிவாணன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"பக்கத்து கோர்ட் ஷட்டில் உள்ள வந்துருச்சி சார். மேடம் அதப் பாத்துட்டாங்க. மறுபடி ஆடணும்."

"லெட்டுன்னா என்ன அர்த்தம்? விடுன்னுதான? அனுமதின்னுதான? அப்ப நான் அடிச்சத அனுமதிங்க."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அஸ்வினுக்கு விதி தெரியும். சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. அவன் தடுமாறுவதைப் பார்த்த மதிவாணன், கைதட்டல் வாங்கப்போகிற முகத்தோடு திரும்பினான்.

"இங்கிலீஷ் டீச்சர் இங்கயே நிக்கிறாங்க. எழில், நீ சொல்லு."

எழில்மதி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். 'எனக்குத் தெரியலைங்க' என்று சொல்லியிருக்கலாம். பிறகு யோசித்தபோது அப்படித் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அவர் சொன்னது சரிதாங்க. இது வேற லெட். இதுக்கு தடைன்னு அர்த்தம். நடுவுல தடை வந்துருச்சி, அதனால மறுபடி ஆடணும்" என்றாள்.

"ஒரே வார்த்தைக்கு விடுன்னும் அர்த்தம், தடைன்னும் அர்த்தமா?"

"ஆமாங்க."

இந்த முறை சிரிப்பு பலமாக எழுந்தது. மறுபடி ஆடினார்கள். மதிவாணன் அடித்தது வலையில் பட்டது. அடுத்த இரண்டு பாயின்ட்டும் ஜமால் பக்கம் போயின, கூடவே கோப்பையும். பரிசு வாங்கும்போது நசீமா எழில்மதியைக் கட்டிக்கொண்டாள். ஜமால் மதிவாணனின் தோளில் கையைப் போட்டு, "கடைக்கு வா மாப்ள, டீ வாங்கித் தரேன்" என்றான். மதிவாணன் எல்லாரிடமும் சிரித்துப் பேசினான். ஸ்கூட்டரில் பத்தொன்பதாம் பிளாக்குக்குத் திரும்பும் வழியில் மட்டும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, "வேற லெட்டாம்" என்றான்.

அந்த வழக்கு கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொடர்ந்தது. வலையில் பட்டால் அந்தக் காலத்தில் 'நெட்' என்று கத்துவார்கள், அது தேய்ந்து 'லெட்' ஆகிவிட்டது என்று மதிவாணன் எழுதினான். நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஜமால், பந்தை 'விட்டுவிடு' என்பதுதான் என்று குரல் பதிவு போட்டான். மறுநாள் நசீமா பள்ளிக்கே போன் செய்தாள்.

"டீச்சர், எங்க வூட்டுலயும் இவரு நம்பமாட்டேங்கறாரு. ஜெயிச்சது நாங்க, ஆனா ஏமாத்தி ஜெயிச்ச மாதிரி பேசிக்கினு இருக்காங்க. எங்கன்னா பாத்து ஆதாரம் போடுங்களேன்."

எழில்மதிக்கும் முழுசாகத் தெரியாது. தடை என்ற பொருள் உண்டு என்று எப்போதோ படித்தது மட்டும் நினைவில் இருந்தது. உணவு இடைவேளையில் பள்ளி நூலகத்துக்குப் போனாள். சொற்களின் பிறப்பைச் சொல்லும் தடித்த அகராதி ஒன்று கீழ்த்தட்டில் இருந்தது. யாரும் எடுக்காததால் முதுகில் நிலக்கரித் தூசு படிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பிரித்தாள்.

அவள் நினைத்ததைவிட விஷயம் பெரிதாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்று 'லேட்டன்'. விடுதல், விட்டுவிட்டுப் போதல், செய்யாமல் விடுதல், வாடகைக்கு விடுதல். இன்னொன்று 'லெட்டன்'. தடுத்தல். பல நூற்றாண்டுகள் வாயில் உருண்டதில் இரண்டும் தேய்ந்து ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்துவிட்டன. விடுகிற லெட் எல்லா இடமும் பிடித்துக்கொண்டது. தடுக்கிற லெட், பந்து விளையாட்டிலும் சட்டக் காகிதங்களிலும் ஒண்டிக்கொண்டு பிழைத்தது.

இதுவரை அவள் எதிர்பார்த்ததுதான். அதற்கடுத்த வரிகளை அவள் இரண்டு முறை படித்தாள். தடுக்கிற லெட், 'மெதுவான' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. இன்று நாம் சொல்லும் 'லேட்' அதன் நேரடி வாரிசு. ஆக, தடுப்பது என்றால் முதலில் தாமதப்படுத்துவது. குறுக்கே சுவர் எழுப்புவது அல்ல. இன்னும் ஆழத்தில், எழுத்து தோன்றுவதற்கு முன்னால், விடுகிற சொல்லுக்கும் தடுக்கிற சொல்லுக்கும் ஒரே வேர் இருந்திருக்க வேண்டும் என்று அகராதி சொன்னது. அந்த வேருக்குப் பொருள் தளர்தல்; பிடி தளர்ந்தால் விடுதல், நடை தளர்ந்தால் தாமதம்.

மணி அடித்தது. அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். சாயங்காலம் தமிழில் சுருக்கி குழுவில் போட்டாள். தளர்ச்சி பற்றிய பகுதியைப் போடவில்லை. அஸ்வின் கைகூப்பினான். ஜமால், "இங்கிலீஷ்காரன் நம்மளவிட குழம்பினவன்" என்று எழுதினான். மதிவாணன் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டான்.

நன்றி சொல்லக் கூப்பிட்ட நசீமா வேறொன்றும் சொன்னாள். அவளுடைய அக்கா மஹ்மூதா மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. முன்பு எழில்மதியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள்.

"அக்கா பள்ளிக்கூடத்துல திரும்பவும் இங்கிலீஷுக்கு ஆள் கேக்குறாங்களாம். உங்களத்தான் முதல்ல கேக்கச் சொன்னா. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். போன தடவை மாதிரி இழுத்துடாதீங்கன்னு சொன்னா டீச்சர்."

"பாக்கறேன்" என்றாள் எழில்மதி.

அவளுக்குப் போக வேண்டும் என்ற ஆசை பழையது. அதற்குக் காரணம் சொல்லச் சொன்னால் அவளால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸ் மதிவாணன் பெயரில். ஆஸ்பத்திரி சீட்டு அவன் பெயரில். கிளப் உறுப்பினர் அட்டை அவன் பெயரில். நகரியத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவள் பெயரை எழுதிக்கொண்டவர்கள் உடனே அவன் பெயரைக் கேட்பார்கள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும், தன் வேலைக்காகத் தனக்கு ஒரு அறை கொடுத்து, அந்தச் சாவியைத் தன் கையில் தருகிற ஊரில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அன்று மதிவாணனுக்கு இரண்டாம் ஷிப்ட். மகள் அபி சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில். வீட்டில் யாரும் இல்லை. எழில்மதி பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். முதல் தடவை மஹ்மூதா கூப்பிட்டபோது ஆசையாகப் போய் எடுத்தது. ஒரு முத்திரையும் விழாமல் எல்லாப் பக்கங்களும் வெள்ளையாகவே இருந்தன. காலாவதியாக இன்னும் சில வாரங்களே இருந்தன. உள்ளட்டையில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருந்த வேண்டுகோளை அவள் இதற்கு முன் படித்ததில்லை. இதை வைத்திருப்பவரை எந்த லெட்டும் இடையூறும் இல்லாமல் சுதந்திரமாகப் போக அனுமதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தடுக்கிற லெட்தான். சட்டக் காகிதங்களில் ஒண்டியிருக்கிறது என்று அகராதி சொன்னது தன் பீரோவிலும் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து, ஏன் போகவில்லை என்று யோசித்தாள். மதிவாணன் ஒருநாளும் போகக்கூடாது என்று சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் நடுவில்கூட, "அவ இஷ்டம், நான் எதுக்கும் தடை சொல்றதில்ல" என்பான். அது பொய்யும் இல்லை. முதல் தடவை, "அபி கொஞ்சம் பெரியவளா ஆவட்டும்" என்றான். அடுத்த தடவை அவன் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். "அப்பா எழுந்து நடக்கட்டும்." அதற்கடுத்த தடவை, "குவார்ட்டர்ஸ் மாறப்போறோம். புது வூட்டுக்குப் போய் செட்டில் ஆவட்டும், அட்ரஸ் மாத்திட்டு அப்பறம் பாப்போம்." பிறகு அபியின் பிளஸ் டூ. "பரீட்சை முடியட்டும்."

எல்லாம் 'அட்டும்'. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் சூத்திரம் அது. தமிழில் 'அட்டும்' வந்தால் ஆங்கிலத்தில் லெட் போடு. வரட்டும், போகட்டும், இருக்கட்டும். அனுமதி கொடுக்கிற வாக்கியங்களால் மட்டுமே ஒருத்தியை இத்தனை வருடம் உட்கார வைக்க முடியும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெடுநாளாகத் தேடிய சாமான் கண்ணெதிரே இருந்ததைக் கண்டமாதிரி மட்டும் இருந்தது.

மறுநாள் காலை அவனிடம் சொன்னாள்.

"பாஸ்போர்ட் முடியப்போவுதுங்க. புதுப்பிக்கணும். மஹ்மூதா பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க."

மதிவாணன் செய்தித்தாளை மடித்தான். "பண்ணலாமே. இந்த மாசம் மெஷின் ஒன்னு ஓவர்ஹாலுக்கு நிக்கிது, நகர முடியாது. அது முடியட்டும். ரெண்டு பேரும் சேந்தே பாண்டிச்சேரிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"நான் வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன். தனியாவே போய்ட்டு வந்துடறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "உன் இஷ்டம்" என்றான்.

வடலூர், கடலூர் வழியாகப் பேருந்து பிடித்துப் பாண்டிச்சேரி பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனாள். நினைத்துப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. வரிசையில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது எழுந்து, கைரேகை வைத்து, படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் வெளியே வந்துவிட்டாள். முகவரி மாறியிருப்பதால் போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்றார்கள். சாயங்காலம் அதை மதிவாணனிடம் சொன்னாள். "வரட்டும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்குக் காரணம் புரியவில்லை.

இரண்டு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை. தீவுப் பள்ளியோடு கணினி வழியாக நேர்முகம் முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு காலை, மதிவாணன் காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், பள்ளிக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது, பக்கத்து குவார்ட்டர்ஸ் பட்டம்மாள் துணி காயப்போட்டபடி கேட்டாள்.

"டீச்சர், ஊருல இருந்து எப்ப வந்தீங்க?"

"நான் எங்க போனேன்? இங்கதான் இருக்கேன்."

"இல்லைங்க, போன வாரம் போலீஸ்காரர் ஒருத்தரு உங்க வூட்டாண்ட வந்து நின்னுக்கினு இருந்தாருங்க. என்னமோ ஏதோன்னு எட்டிப் பாத்தேன். சாரு பேசிக்கினு இருந்தாரு. டீச்சர் ஊருல இல்ல, அடுத்த மாசம் வருவாங்க, அப்ப வாங்கன்னாரு. அதான் கேட்டேன்."

எழில்மதி பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். "ஆமா, போய்ட்டு வந்துட்டேன்" என்று பட்டம்மாளிடம் சொன்னாள். பள்ளிக்குப் போன் செய்து அரைநாள் விடுப்பு கேட்டாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

விசாரணைக்கு வந்த காவலர் நல்ல மாதிரி. "உங்க வீட்டுக்காரர் நீங்க ஊர்ல இல்லன்னாரும்மா. ஆள் இல்லன்னு எழுதி அனுப்பியிருந்தா மறுபடி மொதல்லருந்து வரும். எதுக்கும் இருக்கட்டும்னு காகிதத்த அனுப்பாம வெச்சிருந்தேன்" என்றார். ஆவணங்களைப் பார்த்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார். எழில்மதி பஜாருக்குப் போன் செய்தாள். ஜமால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நசீமாவோடு வந்து கையெழுத்துப் போட்டான். ஏன் மதிவாணன் வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. நசீமா கேட்க வாயெடுத்தாள், ஜமால் அவளைப் பார்த்தான்.

எழில்மதி வீட்டுக்கு வந்தபோது மதிவாணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கு ஷிப்ட். சீருடை போட்டிருந்தான். அவள் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வரேன். விசாரணை முடிஞ்சிருச்சி."

அவன் கை சோற்றில் நின்றது.

"அவர் வந்தப்ப நான் பள்ளிக்கூடத்துலதான இருந்தேன். ஒரு போன் பண்ணியிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பேன்."

"ஆமா" என்றான்.

"ஊர்ல இல்லன்னு சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்." அவன் மறுக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "வாசல்ல ஆள் வந்து நிக்கறான். என்ன சொல்றதுன்னு யோசிக்கல. அதான் வாயில வந்துச்சி."

"என்னைப் போகவேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷத்துல ஒரு தடவை."

மதிவாணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேணாம்னு சொல்லியிருந்தா நீ அன்னைக்கே போயிருப்ப."

அவள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உன்னைத் தெரியும் எழில். எதிர்த்துக்கினு நின்னா நீ போய்டுவ. எதுக்கவே இல்லன்னா எங்க போவ? அதனால சொல்லல. பிளான் பண்ணிச் செஞ்சேன்னு நெனக்காத. ஒவ்வொரு தடவையும் நான் சொன்ன காரணம் நெசந்தான். அப்பா படுத்துக்கினு இருந்தது நெசம். அபி பரீட்சை நெசம். ஆனா அந்தக் காரணம் வந்தப்ப எனக்கு நல்லதாப் போச்சின்னு இருந்துச்சி. அதுவும் நெசம்."

"ஏன்?"

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு காலையில வந்து, பூட்டின வூட்ட நானே தொறந்து உள்ள போவணும். அது எனக்கு ஆவாது. அவ்ளோதான்." அவன் அவளைப் பார்த்தான். "சொல்லும்போது சின்னதாத்தான் இருக்கு."

எழில்மதிக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. அவனை எப்படியெல்லாம் கேட்க வேண்டும் என்று சைக்கிளில் வரும்போது மனதுக்குள் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றிரண்டைச் சொன்னாள். ஊரில் இல்லை என்று சொன்னதை மட்டும் தன்னால் சீக்கிரம் மறக்க முடியாது என்றாள். அவன் தலையாட்டினான். அதன் பிறகு அவள், தானே எதிர்பாராத ஒன்றைச் சொன்னாள்.

"நானும் சும்மா இல்லைங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் முடியட்டும் முடியட்டும்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சி. எனக்கும் பயம். தெரியாத ஊரு, தனியா. நீங்க இழுத்தீங்க, நான் இழுக்க விட்டேன். பாண்டிச்சேரிக்குத் தனியாப் போக இவ்ளோ வருஷம் ஆச்சின்னா அதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல."

சுரங்கத்துக்குப் போகும் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. மதிவாணன் கை கழுவிவிட்டு வந்தான். வாசலில் ஷூ போட்டுக்கொண்டு, "போவணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

"பண்ணிட்டேன்."

அவன் 'உன் இஷ்டம்' என்று சொல்லவில்லை. இறங்கிப் பேருந்துக்கு நடந்தான். மிச்சம் வைத்திருந்த சோற்றை அவள் எடுத்துக் கொட்டினாள். உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு பாஸ்போர்ட் வரப்போகிறது என்று மஹ்மூதாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

பாஸ்போர்ட் வந்தது. விசா வந்தது. இடைப்பட்ட நாட்களில் இருவரும் தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். பிளாக்கில் இரண்டு விதமாகவும் பேச்சு இருந்தது. டீச்சர் சாரை விட்டுவிட்டுப் போகிறாள் என்று சிலர் சொன்னார்கள். சார் பெரிய மனசு, அனுப்பி வைக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். இரண்டாவது பேச்சை ஜமால் கடையில் ஒருவர் சொன்னபோது மதிவாணன் அங்கே இருந்தான். "நான் எங்க அனுப்பறேன்? அவ போறா" என்றான். ஜமால் பிற்பாடு இதை நசீமாவிடம் சொல்ல, அவள் எழில்மதியிடம் சொன்னாள்.

சென்னை விமான நிலையத்துக்கு மதிவாணனும் அபியும் வந்தார்கள். உள்ளே போகும் வாசலில் அபி அழுதாள். மதிவாணன் பெட்டியின் சக்கரத்தைக் குனிந்து சரிபார்த்தான். அது நன்றாகத்தான் உருண்டது. "எறங்கினதும் போன் பண்ணு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

தீவு சின்னது. பள்ளியிலிருந்து நாலு பக்கமும் கடல் தெரியும். முதல் மாதம் எழில்மதி தினமும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். அறையில் ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, ஒரு அடுப்பு. சாவி அவளிடம் இருந்தது. அவள் எதிர்பார்த்த சந்தோஷம் முதலில் அதில் இல்லை. கதவைத் திறந்ததும் உள்ளே யாரும் இல்லாதது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை மதிவாணனிடம் போனில் சொன்னாள். "எனக்கு ரேடியோவ போட்டு வெச்சிட்டுப் போறது கொஞ்சம் பரவாயில்ல. காலையில வந்து தொறக்கும்போது உள்ள யாரோ பேசிக்கினு இருக்கற மாதிரி இருக்கு" என்றான் அவன். அவளும் அப்படிச் செய்து பார்த்தாள். மொழி புரியாத ரேடியோ. ஆனாலும் உதவியது.

மூன்றாம் மாதம் போனபோது பழகிவிட்டது. பிள்ளைகள் அவளை 'மிஸ் எழில்' என்றார்கள். அதற்கு மேல் யாரும் எந்தப் பெயரையும் கேட்கவில்லை. சாயங்காலம் மஹ்மூதாவோடு கடலோரம் நடந்தாள். வாரக் கடைசியில் சிறுவர்களுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுத்தாள். மதிவாணன் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டான். அடுத்த பொங்கல் விழாவில் ஜமாலோடு ஆண்கள் இரட்டையரில் சேர்ந்து ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றான்.

ஒரு வருடம் முடிந்து விடுமுறைக்கு வந்தாள். வந்த முதல் சில நாட்கள் விருந்தாளி மாதிரி இருந்தது. பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. எது எங்கே இருக்கிறது என்று அவனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பிறகு அது சரியாகிவிட்டது. திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை அவள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். மதிவாணன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"எழில், ஒன்னு சொல்லணும். திரும்பப் போவாத."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம். நீ இங்கயே இரு. எனக்குப் புடிக்கல, நீ அங்க இருக்கறது."

கல்யாணமாகி அவன் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வேண்டாம் அது. அவள் அடுப்பைக் குறைத்தாள். எதிர்த்துப் பேச வேண்டும் என்ற வேகம் வரும் என்று நினைத்தாள். அவன் பயந்ததும் அதற்குத்தானே. ஆனால் அப்படி வரவில்லை. கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது.

"கான்ட்ராக்ட்ல இன்னும் ஒரு வருஷம் இருக்குங்க. பிள்ளைங்க பாதியில இருக்காங்க. எனக்கும் போவணும்னு இருக்கு. போறேன்."

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம் இன்னும் முடிவு பண்ணல. நீங்க வேணாம்னு சொன்னத மனசுல வெச்சிக்கினுதான் யோசிப்பேன். அதுக்கு மேல இப்ப வாக்கு குடுக்க முடியாது."

மதிவாணன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். அவனுக்கு வருத்தமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. அதை அவன் மறைக்கவும் இல்லை. "சரி" என்றான். அடுத்த இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த அபி, "ரெண்டு பேருக்கும் சண்டையாம்மா?" என்று கேட்டாள்.

"சண்டை இல்ல. அப்பா வேணாம்னாரு, நான் போறேன்னேன்" என்றாள் எழில்மதி. அபிக்கு அந்தப் பதில் புதிதாக இருந்தது.

மூன்றாம் நாள் மதிவாணன் வடலூரிலிருந்து ஒரு கிலோ முறுக்கும், மஹ்மூதாவுக்கென்று தனியாக ஒரு பொட்டலமும் வாங்கிவந்து அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டியைத் தூக்கி எடை பார்த்து, கூடிவிட்டது என்றான். இருவரும் தரையில் உட்கார்ந்து, எதை எடுத்துவிடலாம் என்று துணிகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்கள்.